மறுவாழ்வு மையத்தின் மேல் சந்தேகமா? புகார் எழுதும் முறை

போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறேன். வேறெங்கோ ஆளைச் சேர்த்துவிட்டு மனம் கேட்காமல் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அங்க கவுன்சிலர்னு இருக்கறவரு எதுவுமே படிக்கலயாம் சார். கேஸ் போடலாமா?"

அந்த வழியில் போனால் மனு நகராது. போதை ஆலோசகருக்கென்று தனி உரிமம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்ததே இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 தேசிய ஆணையச் சட்டம் கவுன்சிலர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். தவிர, குடியிலிருந்து மீண்டு கவுன்சிலரான பலர் எங்களைவிட நன்றாகப் பேசுவார்கள், அது குற்றமும் இல்லை. டாக்டர் இல்லாத இடத்தில் கவுன்சிலரே மாத்திரை கொடுத்தால்தான் வம்பு.

சட்டத்தின் பிடி மையத்தின் மேல்தான் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையோடு சேர்ந்து வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும்.

முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பத்திரம், ஐஎஸ்ஓ என்று ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அதெல்லாம் இதற்கு ஈடாகாது. சான்றிதழில் உள்ள முகவரி நீங்கள் நிற்கும் கட்டடம்தானா என்று பாருங்கள். அப்புறம் தேதி. தற்காலிகப் பதிவு 12 மாதம்தான் செல்லும்.

போர்டில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பெயர் இருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்த கவுன்சிலின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால் அந்த கவுன்சிலுக்கான 1992 சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரத்தைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆள் இன்னும் உள்ளே இருந்தால் மையத்தாரிடம் புகார் பற்றி வாயே திறக்காதீர்கள். அடி, சங்கிலி, பூட்டிய அறை என்று தெரிந்தால் மனுவெல்லாம் பிறகு, முதலில் அவசர உதவி எண் 112. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. வெளியே கொண்டுவந்ததும் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு வலிப்பு வரலாம்.

மனுவை மாநில மனநல ஆணையத்துக்கு எழுதி, நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். கதை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "மேற்கண்ட முகவரியில் இயங்கும் மையம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி பதிவு பெற்றுள்ளதா என ஆய்வு செய்து, பெறவில்லையெனில் 107ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." பணம் கட்டிய ரசீது, போர்டின் போட்டோ, சேர்க்கைப் படிவ நகல் ஆகியவற்றை இணையுங்கள். ஜிபேயில் பணம் யார் பெயருக்குப் போனது என்ற ஸ்கிரீன்ஷாட்டையும் மறக்காதீர்கள்.

பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை 2 லட்சம் வரை, அதற்கு மேல் போனால் 5 லட்சம் வரை. பதிவில்லை என்று தெரிந்தே அங்கே வேலை பார்க்கும் மனநல நிபுணருக்கும் 25,000 வரை உண்டு. என் சக ஊழியர்கள் பலருக்கு இது தெரியாது.

பதிலே வரவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஆர்டிஐயில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.