ஸ்டார் சார்ட் தொங்கவிடும் முன்னால்

கதைப் புத்தகம் படித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் பேனா என்று வகுப்பில் அறிவிக்கப் போகிறீர்களா? ஒரு வாரம் பொறுங்கள். பிள்ளைகள் அதை ஏற்கெனவே ஆசையாகச் செய்கிறார்களா என்று கவனியுங்கள். செய்கிறார்கள் என்றால் அறிவிக்கவே வேண்டாம்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்தது எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

அதனால் பேனா கொடுக்க ஆசையா, கொடுங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். வாய்ப்பாடு மாதிரி யாருக்கும் தானாக ஆசை வராத வேலைக்குச் சின்னப் பரிசு வைப்பது தப்பில்லை என்பது என் கருத்து.

சரி, பரிசுக்குப் பதிலாக என்ன? டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் மூன்று உணர்வுகளைச் சொல்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, இவர்கள் என் ஆட்கள். ஆறு கணக்கு கொடுத்து எந்த நாலை வேண்டுமானாலும் போடு என்று சொல்லிப் பாருங்கள். நோட்டில் 'வெரி குட்' என்று மட்டும் எழுதாமல், 'கடன் வாங்கிக் கழித்ததை இந்த முறை சரியாகப் போட்டிருக்கிறாய்' என்று எழுதுங்கள், நேரம் பிடிக்கும்தான், ஒரு நாளைக்கு ஐந்து நோட்டுக்குச் செய்தாலும் போதும். கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

தலைமை ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். சம்பளம், வேலைச் சூழல் போன்றவற்றில் குறை இருந்தால் மனக்கசப்பு வரும், ஆனால் அவை சரியானதாலேயே உற்சாகம் வந்துவிடாது, அது பொறுப்பிலிருந்தும் அங்கீகாரத்திலிருந்தும் வருகிறது என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதினார். முதலில் ஸ்டாஃப் ரூம் ஃபேனையும் கழிப்பறையையும் சரிசெய்யுங்கள். அப்புறம் அறிவியல் கண்காட்சியை ஒரு ஆசிரியையிடம் முழுசாக ஒப்படையுங்கள், எந்த வகுப்பு, என்ன மாதிரி, எத்தனை மேசை என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்யட்டும், ஒவ்வொரு சார்ட்டுக்கும் உங்கள் அறைக்கு வந்து நிற்க வைக்காதீர்கள்.