தென்னையில் படி வெட்டாதீர்கள்

பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஏறுவதற்கு வசதியாகத் தென்னைத் தண்டில் படி வெட்டுகிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கேட்டால், “காயம்தானே, மரம் ஆத்திக்கும்” என்பார்கள். மா, பலா, வேம்பு ஆற்றிக்கொள்ளும். தென்னையால் முடியாது.

மாமரப் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற ஆக்குத்திசு, அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் திசு, வளையமாக ஓடுகிறது. அது உள்பக்கம் நீரை ஏற்றும் சைலத்தையும் வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தையும் புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கும். மரம் பருப்பதும், வெட்டுக்காயம் ஓரத்திலிருந்து மூடிவருவதும் அதனால்தான். தென்னை, பனை, கமுகு மூன்றுக்கும் இந்த வளையம் கிடையாது. நீர் ஏறும் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும்; பனங்கட்டையில் கறுப்பு நாராகத் தெரிவது அதுதான். எங்கள் கிணற்றடித் தென்னையில் தாத்தா காலத்தில் வெட்டிய படி இன்றும் நான்கு விரல் நுழையும் பள்ளமாகவே இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடி வருவதும் இப்படிப்பட்ட காயத்தைத்தான். ஏறுவதற்குக் கருவி இருக்கிறது, தளைக்கயிறு இருக்கிறது. தயவுசெய்து அரிவாளை எடுக்காதீர்கள்.

குருத்து விஷயத்திலும் அசட்டை கூடாது. தென்னைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்று. அது அழுகிவிட்டால் பக்கத்தில் துளிர்க்காது, மரமே போய்விடும்.

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் பலர், மரத்தில் அடித்த ஆணி வருடா வருடம் மேலே ஏறும் என்று எழுதுகிறார்கள். ஏறாது. உயரம் கூடுவது நுனியில் மட்டும். ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும்.

சரி, தண்ணீர். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று வீசும். அப்போது உச்சிவெயிலில் ஓலையைப் பாருங்கள்: ஒவ்வொரு கீற்றும் ஈர்க்கை ஒட்டிக் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். நீராவி வெளியேறும் இலைத்துளைகள் கீற்றின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன, மரம் அவற்றை மறைத்துக்கொள்கிறது. இதைப் பார்த்துப் பதறித் தண்டின் மேலேயே தண்ணீர் விடுவது தவறு. தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் தண்டைச் சுற்றி 2 மீட்டருக்குள் பரவியிருக்கும். அந்த வட்டம் முழுக்க நனைய வேண்டும். அப்புறம், தேங்காய் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால் ஈரம் நிற்கும்.

தண்ணீரை மிச்சம் பிடிக்கும் இன்னொன்று வேலிச் சப்பாத்திக்கள்ளி. அதன் தட்டையான பாகத்தை இலை என்று நினைப்பதும் உண்டு. அது தண்டு, முள்தான் இலை. பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். பக்கத்திலிருக்கும் சதுரக்கள்ளி வேறு குடும்பம், கிள்ளினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளினால் கொழகொழவென்று வரும். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொழகொழப்புதான்.