புரொக்ஸிக்கு ஸ்ட்ரீம் வழியாகக் கொன்ஃபிக் கொடுப்பது எப்படி? எக்ஸ்டிஎஸ் பாணியில், படிப்படியாக

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் மூன்று தோட்டங்களின் கொழுந்து மடுவங்களில் டிஜிட்டல் தராசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் கணினி. அதில் என்வாய் புரொக்ஸி ஓடுகிறது. புரொக்ஸி என்பது கோரிக்கையை வாங்கி உரிய சேர்வருக்குத் திருப்பிவிடும் இடை நிரல். தராசில் விழும் நிறையை அது கண்டியில் உள்ள சேர்வர்களுக்கு அனுப்புகிறது. ஒரு சேர்வரின் ஐபி மாறினால்? மூன்று இடத்திலும், சேர்வர் முகவரி போன்ற அமைப்புகள் இருக்கும் கொன்ஃபிக் கோப்பைத் திறந்து, திருத்தி, புரொக்ஸியை மறுபடி கிளப்ப வேண்டும். மூன்று என்றால் சமாளிக்கலாம். முப்பது என்றால் ஏதாவது ஒன்று விடுபடும். எது விடுபட்டது என்பது சம்பளக் கணக்குப் பார்க்கும் நாளில்தான் தெரியவரும்.

இதற்குத்தான் கொன்ஃபிக்கை ஓரிடத்தில் வைத்து, புரொக்ஸிகளுக்குத் திறந்தே இருக்கும் ஒரு ஸ்ட்ரீம் வழியாக அனுப்பும் முறை வந்தது. என்வாய் லிஃப்ட் நிறுவனத்தில் உருவாகி 2016இல் திறந்த மூலமாக வெளிவந்தது. இப்படிக் கொன்ஃபிக் வாங்க அது பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் நெறிமுறைதான் இன்று இதற்கு முன்மாதிரி. நிரல்கள் வலை வழியாக ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி நூலகங்களும் அதைப் பேசுகின்றன. பழைய பாடங்களில் எக்ஸ்டிஎஸ்ஸின் வி2 பதிப்பைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது வி3 மட்டும்தான்.

நீங்கள் சொந்தமாக ஒரு இடைமுகம் வடிவமைத்தாலும் சரி, எக்ஸ்டிஎஸ்ஸை அப்படியே எடுத்தாலும் சரி, கொன்ஃபிக்கை அனுப்புவது சின்ன வேலை. புரொக்ஸி "முடியாது" என்று சொன்னால் என்ன, ஒன்றுமே சொல்லாமல் லைன் போனால் என்ன என்பதை முதலில் தீர்மானியுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்து சிக்னலை நம்பி வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படி 1: எதையெல்லாம் அனுப்பப் போகிறீர்கள்?

என்வாயில் முக்கியமானவை நான்கு. எந்த போர்ட்டில் காது கொடுப்பது என்பது லிஸனர். வந்த கோரிக்கையை எங்கே திருப்புவது என்பது ரவுட். ஒரே வேலையைச் செய்யும் சேர்வர் கூட்டம் கிளஸ்டர். அந்தக் கூட்டத்தின் உண்மையான ஐபியும் போர்ட்டும் எண்ட்பொயின்ட். இவற்றுக்கான சேவைகள் முறையே எல்டிஎஸ், ஆர்டிஎஸ், சிடிஎஸ், ஈடிஎஸ். ஏன் பிரித்தார்கள்? எண்ட்பொயின்ட் அடிக்கடி மாறும், லிஸனர் எப்போதாவதுதான் மாறும். இரண்டையும் ஒரே பொதியில் போட்டால், ஒரு ஐபிக்காக எல்லாவற்றையும் அனுப்ப வேண்டிவரும்.

படி 2: தொடக்கக் கோப்பு

எல்லாம் ஸ்ட்ரீமில் வந்தாலும் குறைந்தது இரண்டு விஷயமாவது கையால் எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்று, "நான் யார்". இதற்கு நோட் ஐடி என்று பெயர். ஹட்டன்-மடுவம்-1 போல இடம் தெரியும்படி வையுங்கள். மற்றது, கொன்ஃபிக்கை அனுப்பும் கட்டுப்பாட்டுச் சேர்வரின் முகவரி. அந்த முகவரிக்கான கிளஸ்டரில் எச்டிடிபி/2 என்று குறிப்பிட மறக்க வேண்டாம். ஜிஆர்பிசி அதன் மேல்தான் ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தொடர்பே கிடைக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

படி 3: கேள்வி, பதில், ஏற்பு, மறுப்பு

இதை நிதானமாகப் படியுங்கள். இனிமேல் சேர்வர் என்றால் கட்டுப்பாட்டுச் சேர்வர். நொன்ஸ் என்பது தன் ஒவ்வொரு பதிலுக்கும் அது இடும் அடையாளம். ஒரு உரையாடல் இப்படிப் போகும்:

புரொக்ஸி: நான் ஹட்டன்-மடுவம்-1. வகை கிளஸ்டர். வேர்ஷன் வெறுமை, நொன்ஸ் வெறுமை.
சேர்வர்: வேர்ஷன் 7, நொன்ஸ் அ1, இதோ கிளஸ்டர்கள்.
புரொக்ஸி: வேர்ஷன் 7, நொன்ஸ் அ1.
சேர்வர்: வேர்ஷன் 8, நொன்ஸ் அ2, இதோ கிளஸ்டர்கள். (ஒன்றில் போர்ட் 70000 என்று இருக்கிறது.)
புரொக்ஸி: வேர்ஷன் 7, நொன்ஸ் அ2, பிழை: போர்ட் 65535ஐத் தாண்டிவிட்டது.

மூன்றாவது வரி ஏற்பு, கடைசி வரி மறுப்பு. மறுப்பில் வேர்ஷன் 7 என்றே இருப்பதைக் கவனியுங்கள். "நீ அனுப்பிய அ2 கிடைத்தது, ஆனால் நான் இன்னும் 7இல்தான் ஓடுகிறேன்" என்கிறது புரொக்ஸி. பிழையான கொன்ஃபிக் வந்தும் கொழுந்து நிறை போய்க்கொண்டே இருக்கிறது. மறுப்புக்கென்று தனிச் செய்தி வகை இல்லை. அடுத்த கோரிக்கையே பதிலாகவும் இருக்கிறது. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும், முதல் வாசிப்பில் குழப்பும் என்றாலும்.

வேர்ஷன் இருக்கும்போது நொன்ஸ் எதற்கு? வேர்ஷன் உள்ளடக்கத்துக்கு அடையாளம். நொன்ஸ் அந்த ஒரு செய்திக்கு அடையாளம். புரொக்ஸி ஒரு கோரிக்கை அனுப்பும் அதே நேரத்தில் சேர்வரிலிருந்து புதுப் பதில் எதிரே வந்துகொண்டிருக்கலாம். அப்போது அந்தக் கோரிக்கையில் பழைய நொன்ஸ் இருக்கும். சேர்வர் அதைப் பார்த்து "இது பழசு" என்று ஒதுக்கிவிடலாம். ஸ்ட்ரீம் அறுந்து புதிதாகத் தொடங்கினால் பழைய நொன்ஸ் செல்லாது. வேர்ஷன் செல்லும்.

சேர்வர் எழுதுபவருக்கு ஒரு எச்சரிக்கை. மறுப்பு வந்ததும் அதே வேர்ஷன் 8ஐ மறுபடி அனுப்பாதீர்கள். அதுவும் மறுக்கப்படும், நீங்களும் மறுபடி அனுப்புவீர்கள், சுற்று முடியவே முடியாது. பிழையைப் பதிவு செய்துவிட்டு, கொன்ஃபிக் உண்மையில் மாறும்வரை காத்திருங்கள்.

படி 4: லைன் போனால்

ஸ்ட்ரீம் அறுந்தால் என்வாய் கடைசியாக ஏற்ற கொன்ஃபிக்கிலேயே ஓடும். இடைவெளியைக் கூட்டிக் கூட்டி மறுபடி தொடர்புக்கு முயலும். இதுவரை நல்லது. ஆனால் லைன் போனது இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் போகலாம். ரவுட்டர் ஓசையில்லாமல் தொடர்பை விட்டுவிடும். புரொக்ஸியோ ஸ்ட்ரீம் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே எச்டிடிபி/2 கீப்அலைவை இயக்குங்கள். 30 வினாடிக்கு ஒரு முறை தட்டிப் பார்த்தால் போதும்.

இன்னும் பெரிய சிக்கல் கரண்ட். இடி மின்னலில் கரண்டும் லைனும் சேர்ந்து போகின்றன. கரண்ட் முதலில் வருகிறது, லைன் வரவில்லை. என்வாய் ஸ்ட்ரீமில் வாங்கிய கொன்ஃபிக்கை நினைவகத்தில்தான் வைத்திருந்தது, வட்டில் எழுதி வைக்கவில்லை. முதல் கொன்ஃபிக்குக்காக, வேறு எதுவும் சொல்லாவிட்டால், 15 வினாடி காத்திருக்கும். அப்புறம் வெறும் கையோடு எழும்பும். லிஸனரே இல்லை, தராசு யாரிடம் பேசும்?

இதற்கு வழி, அதே கணினியில் ஒரு சிறு ஏஜென்ட். அது கட்டுப்பாட்டுச் சேர்வருடன் ஸ்ட்ரீமில் பேசி, வந்ததை வட்டில் எழுதும். என்வாய் அந்தக் கோப்பைக் கண்காணிக்கும். இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு நுணுக்கம் மட்டும்: கோப்பை அதே இடத்தில் திருத்தினால் என்வாய் கண்டுகொள்ளாது. வேறு பெயரில் முழுதாக எழுதி, பழையதன் மேல் நகர்த்த வேண்டும். அதுதான் பாதுகாப்பும்கூட, பாதி எழுதிய கோப்பை அது ஒருபோதும் படிக்காது.

படி 5: முழுப் பட்டியலா, மாற்றம் மட்டுமா?

முழுப் பட்டியல் முறை காலைப் பிரட்டில் செக்ரோலை வாசிப்பது மாதிரி: பெயர் வாசிக்கப்படாவிட்டால் அன்று வேலை இல்லை. லிஸனரும் கிளஸ்டரும் இப்படித்தான், பட்டியலில் இல்லாதது நீக்கப்படும். ரவுட்டுக்கும் எண்ட்பொயின்ட்டுக்கும் இது பொருந்தாது. அவை வராவிட்டால் பழையதே இருக்கும்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உங்கள் சேர்வரின் தரவுத்தளம் ஒரு நிமிடம் பதில் சொல்லவில்லை. நிரல் அதை வெற்றுப் பட்டியலாக எடுத்து அனுப்பிவிட்டது. எல்லா மடுவத்திலும் எல்லாக் கிளஸ்டரும் போச்சு, அதுவும் முறைப்படி ஏற்கப்பட்டு! தரவு கிடைக்காவிட்டால் எதையும் அனுப்பாதீர்கள்.

மாற்றம் மட்டும் அனுப்பும் டெல்டா முறையில் நீக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வளங்கள் இருந்தால் அதற்குப் போங்கள். நமக்கு இப்போதைக்கு முழுப் பட்டியல் போதும்.

படி 6: வரிசை

புதிய ரவுட் முதலில் போய், அது காட்டும் கிளஸ்டர் பிறகு போனால், இடைப்பட்ட நேரத்தில் வரும் கோரிக்கைகளுக்கு 503, அதாவது "சேவை இல்லை" என்ற பிழைதான் கிடைக்கும். ஆகவே கிளஸ்டர், எண்ட்பொயின்ட், லிஸனர், ரவுட் என்ற வரிசையில் அனுப்புங்கள். பழையதை நீக்குவது கடைசியில். நான்குக்கும் நான்கு ஸ்ட்ரீம் வைத்தால் இந்த வரிசை நிலைக்காது. எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரீமில் அனுப்பும் ஏடிஎஸ் இதற்காகவே இருக்கிறது. கோ மொழி தெரிந்தவர்கள் கோ-கன்ட்ரோல்-பிளேன் நூலகத்தில் தொடங்கலாம்.

படி 7: உடைத்துப் பாருங்கள்

என்வாயின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து (எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் போர்ட் 9901) கொன்ஃபிக் டம்ப்பைப் பாருங்கள். இப்போது எந்த வேர்ஷனில் ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் வேண்டுமென்றே போர்ட் 70000 அனுப்புங்கள். மறுப்பு எண்ணிக்கை கூட வேண்டும், கோரிக்கைகள் தடையின்றிப் போக வேண்டும். அடுத்து, நெட்வேர்க் வயரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைத்துப் போடுங்கள். லிஸனர் எழும்பாவிட்டால் ஏஜென்ட் எழுதிய கோப்பின் பாதையையும் அதைப் படிக்கும் அனுமதியையும் சரிபாருங்கள். எழும்பினால் வயரைச் செருகி, வேர்ஷன் 9ஐ அனுப்பலாம்.