கரைய வேண்டிய திருகாணிக்குப் பூச்சு: விடக்கூடாத பிழைகள்

வன்னியில் காலுக்குள் கம்பியோ பிளேட்டோ வைத்திருப்பவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. எலும்பு பொருந்திய பிறகு அதைக் கழற்றச் சிலருக்கு இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டிவருகிறது. தானாகக் கரையும் மகனீசியத் திருகாணி என்றால் அந்த வேலை மிச்சம். ஆனால் வெறும் மகனீசியம் உடம்புக்குள் அவசரப்பட்டுக் கரையும். மேற்பூச்சு அதற்காகத்தான்.

தகரக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கிற நினைப்போடு இதில் இறங்குவது முதல் பிழை. துருவே வரக்கூடாது என்பதல்ல இங்கே கணக்கு. இரணைமடுக் குளத்துத் துருசை (மதகை) அடியோடு பூட்டினால் வயல் காயும், ஒரேயடியாகத் திறந்தால் பயிர் போகும், பூச்சும் அப்படித்தான். எலும்புக்கு ஏறத்தாழ 12 கிழமை பிடிமானம் வேண்டும், அப்புறம் உலோகம் போய்விட வேண்டும். 1 கிராம் மகனீசியம் கரைந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் ஐதரசன் வாயு வரும். மெல்ல வந்தால் இரத்தம் கொண்டுபோய்விடும். மளமளவென்று வந்தால் தோலுக்கடியில் தேங்கும்.

வேறு உலோகத்தைப் பக்கத்தில் வைப்பது இன்னும் மோசம். 1907இல் பெல்ஜிய மருத்துவர் லம்போட், முறிந்த காலில் மகனீசியத் தகடு வைத்துத் தங்க முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். 8 நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு நிறைந்தது. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் பற்றரிதானே! சரி, மகனீசியத்துக்கு மட்டும் பூச்சுப் பூசினால் தப்பலாமா? அங்கேதான் மாட்டுவோம். பூச்சில் ஓர் ஊசித்துளை போதும்: எஃகின் முழுப் பரப்பும் இழுக்கிற மின்னோட்டத்தை அந்தத் துளை ஒன்றே கொடுக்க வேண்டும், அரிப்பு அங்கேயே ஆழமாகக் குடையும். பூச்சே இல்லாதிருந்தால் பரவலாகவாவது அரித்திருக்கும். மகனீசியத்தின் மேலேயே மின் தீப்பொறிகளால் வளர்க்கும் ஒட்சைட்டுப் பூச்சு இயல்பிலேயே துளை நிறைந்தது. அதை அடைக்க மேலே இன்னொரு படை வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை ஆய்வுக்கு எடுத்தால், பூச்சைச் சோதிக்க வெறும் உப்புக் கரைசலை நம்ப வேண்டாம். உடல் திரவத்தில் பைகாபனேற்றும் பொசுபேற்றும் புரதமும் உண்டு. கரையும் வேகமே மாறும். சின்னக் கோப்பையும் ஏமாற்றும். திரவம் சீக்கிரம் காரமாகி, அரிப்பு தானே தணிந்து, பூச்சு நல்லதுபோலத் தெரியும். சோதிக்கும் துண்டின் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 20 மில்லிலீற்றர் திரவமாவது விடுங்கள்.

தட்டைத் துண்டில் நின்ற பூச்சு, எலும்புக்குள் திருகும்போது மரைகளில் உரசிக் கழன்றுவிடலாம். கிருமி நீக்க நீராவியில் வைத்தால், உடம்புக்குள் போகுமுன்பே மகனீசியம் கரையத் தொடங்கிவிடும்.