ஒரு மணி நேர நார்தர்ன் சோல் செட்: '45' ரகத் தட்டுகளைத் தேர்ந்தெடுப்பதும் போடுவதும்

சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) தட்டுகளைச் சேர்ப்பது ஒரு வேலை. அவற்றைப் போட்டு நாலு பேரை ஆட வைப்பது வேறு வேலை. சேர்ப்பவர் லேபிளையும் விலையையும் பார்ப்பார். ஆடுபவருக்கு அதெல்லாம் தெரியாது, தாளம்தான் வேண்டும். இந்தப் பதிவு இரண்டாவது வேலைக்கு. டர்ன்டேபிளை மிக்சரில் இணைப்பது, ஹெட்போனில் கேட்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களில் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் சின்னச் சின்னக் கம்பெனிகள் டெட்ராய்டின் பெரிய சோல் கம்பெனியான மோட்டவுனின் பாணியில் ஏராளமான 7 அங்குலத் தட்டுகளை (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுவதால் இவற்றுக்கு '45' என்று பெயர்) வெளியிட்டன. முக்கால்வாசி விற்கவே இல்லை. அமெரிக்கா மறந்துபோன அந்தத் தட்டுகளை வடக்கு இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்ப் பிள்ளைகள் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடினார்கள். அவர்கள் ஆடிய இடங்கள்: மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் கோல்டன் டார்ச், பிளாக்பூலில் மெக்கா, அப்புறம் 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பரில் மூடிய விகன் கசினோ. நார்தர்ன் சோல் என்று பெயர் வைத்தவர் லண்டனில் ரெக்கார்டு கடை நடத்திய டேவ் கோடின்.

படி 1: ஸ்நேரைக் கேளுங்கள்

ஃபோர் டாப்ஸ் 1965இல் பாடிய 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' பாட்டைப் போட்டு, ஸ்நேர் ட்ரம்மை (சடசடவென்று அடிக்கும் சின்ன ட்ரம்) மட்டும் கவனியுங்கள். நான்கு எண்ணிக்கையிலும் அடி விழும். இந்த வகைக்கு ஸ்டாம்பர் என்று பெயர். இந்த அடி காதில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தட்டு தேறுமா என்று பார்க்க நான் செய்வது இது: போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். குரல் மங்கி, பாஸும் ட்ரம்மும் மட்டும் சுவர் வழியே வரும்போதும் கால் தானாக ஆடினால் அது பெட்டிக்குள் போகும். ஹெட்போனில் மட்டும் அழகாக இருக்கும் பாட்டு வீட்டில் இருக்கட்டும்.

படி 2: பெட்டியில் எத்தனை

இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டரை நிமிடம்தான். ஒரு மணி நேரத்துக்கு 24 தட்டு போதும், ஆனால் 40 எடுத்துப் போங்கள். உங்களுக்கு முன்னால் போட்டவர் உங்கள் பட்டியலில் பாதியைப் போட்டுத் தீர்த்திருப்பார்.

படி 3: முதலில் எதை வாங்குவது

அரிய தட்டு என்றதும் எல்லோரும் ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'வைத்தான் சொல்வார்கள். 1965இல் மோட்டவுனின் 'சோல்' என்ற துணை லேபிளுக்காக அச்சாகி, வெளிவராமலே போனது. கையளவு பிரதிகள்தான் மிஞ்சின. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. (அந்தக் காலத்தில் போட்டி டி.ஜே.க்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிளை மறைத்து, பொய்ப்பெயர் சொல்லித் தட்டு போடுவார்கள். இந்தப் பாட்டு 'எடி ஃபாஸ்டர்' என்பவர் பாடியதாகவே கொஞ்ச காலம் ஓடியது.) அது அருங்காட்சியகச் சாமான், நமக்கு வேண்டாம்.

அரங்கை நிரப்பும் தட்டுகள் பல மலிவாகவே கிடைக்கின்றன. காரணம், 1970களில் இந்தக் கூட்டம் ஆடியதைப் பார்த்து பிரிட்டிஷ் கம்பெனிகள் அவற்றை மறுபடி அச்சடித்தன. ஆர். டீன் டெய்லரின் 'தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' 1967இல் அமெரிக்காவில் எடுபடவில்லை. 1974இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அதனால் பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. டோபி கிரேயின் 'அவுட் ஆன் தி ஃப்ளோர்', ஆல் வில்சனின் 'தி ஸ்னேக்', டீன் பாரிஷின் 'ஐம் ஆன் மை வே' மூன்றும் அப்படியே. இந்த நாலையும் முதலில் வாங்குங்கள்.

அடுத்ததாக டெட்ராய்டின் ரிக்-டிக் லேபிளைப் பாருங்கள். எட்வின் ஸ்டாரும் ஜே.ஜே. பார்ன்ஸும் பாடிய இடம். மோட்டவுனின் வாத்தியக்காரர்களே சம்பளம் போதாமல் இங்கேயும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மோட்டவுனே இந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. சிகாகோ வேண்டுமென்றால் ஓக்கே லேபிள், மேஜர் லான்ஸிலிருந்து தொடங்கலாம். அதே லேபிளில் 1967இல் வந்த சாண்டி ஷெல்டனின் 'யூ ஆர் கோனா மேக் மீ லவ் யூ' என் கணக்கில் முழுமையான ஸ்டாம்பர். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

படி 4: வினைலா, ஸ்டைரீனா

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. அறுபதுகளின் அமெரிக்க 45களில் நிறைய வினைலே கிடையாது, ஸ்டைரீன் பிளாஸ்டிக். வினைல் போல அழுத்திச் செய்ததல்ல. அச்சுக்குள் பீய்ச்சி வார்த்தது. புதிதாக இருக்கும்போது சத்தம் அருமையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், எளிதில் விரிசல் விடும். ஓக்கே, கொலம்பியா போன்ற லேபிள்களில் அடிக்கடி தட்டுப்படும். ஒரே பாட்டு ஒரு ஆலையில் வினைலாகவும் இன்னொரு ஆலையில் ஸ்டைரீனாகவும் வந்திருக்கும், எனவே வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வினைல் மந்தமாகச் சத்தம் தரும், ஸ்டைரீன் கணீரென்று. ஸ்டைரீனில் லேபிள் பெரும்பாலும் மேலே ஒட்டியதாக இருக்கும், தட்டோடு சேர்ந்து அழுந்தியதாக இருக்காது. வளைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

படி 5: ஊசியை நிறுத்துவது

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த படி இதுதான். எந்த டி.ஜே. பாடத்தை எடுத்தாலும் சொல்வது ஒன்றே: ஊசியை வை, முதல் சத்தத்தைப் பிடி, கையால் தட்டை முன்னும் பின்னும் ஆட்டி அந்த இடத்தில் நிறுத்து. வினைலுக்கு அது சரி. ஸ்டைரீனில் இப்படிச் சில தடவை செய்தாலே பாட்டின் முதல் நொடிகள் உஸ்ஸென்று இரைய ஆரம்பிக்கும். அந்த இரைச்சல் திரும்பப் போகாது. பழைய வானொலி நிலையப் பிரதிகளில் தொடக்கம் மட்டும் இரைவதற்கும் இதுதான் காரணம்.

தட்டைப் பின்னால் சுற்றாமலே வேலையை முடிக்கலாம். 45 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.33 வினாடி. வீட்டிலேயே ஊசியை விளிம்பில் இறக்கி, முதல் சத்தம் வரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். லேபிளின் மேல் கண்ணை வைத்து எண்ணினால் சுலபம். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ வரும். அந்த எண்ணைக் காகித உறையின் மூலையில் பென்சிலால் எழுதுங்கள். எழுதும்போது தட்டு உறைக்குள் இருக்கக் கூடாது.

அரங்கில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு மங்கத் தொடங்கும்போது அடுத்த தட்டின் ஃபேடரை (மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) கீழே வைத்துக்கொண்டு ஊசியை விளிம்பில் இறக்குங்கள். சுற்றை எண்ணுங்கள். கடைசிச் சுற்று முடியும் முன் ஃபேடரை ஏற்றிவிடுங்கள். நடுவில் ஒரு நொடி மௌனம் வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. இங்கே தாளத்தோடு தாளம் கோக்கும் வழக்கமே இல்லை. பாட்டு முடியும், ஜனங்கள் மூச்சு வாங்குவார்கள், அடுத்தது தொடங்கும்.

கருவி விஷயத்தில் என் பிடிவாதம்: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, உருண்டை முனை ஊசி, வேகக் கட்டுப்பாடு பூஜ்யத்தில். ஷ்யூர் எம்44-7 காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) நல்லது, ஆனால் 2018இல் அந்தக் கம்பெனி காட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. பழைய இருப்பு கிடைத்தால் விடாதீர்கள். தேய்ந்த ஊசியை 'இன்னும் ஒரு இரவு' என்று ஓட்டாதீர்கள். ஊசியை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: வரிசை

முதல் மூன்று நிதானமாக. அதன்பின் மூன்று ஸ்டாம்பர், ஒரு இளைப்பாறல், மறுபடி மூன்று. ஐந்தாறு வேகப் பாட்டை அடுக்கினால் சுழன்று ஆடுபவர்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாத தட்டு கையில் இருந்தால், எல்லோருக்கும் தெரிந்த இரண்டுக்கு நடுவில் போடுங்கள்.

முடிவை யோசித்து வையுங்கள். விகன் கசினோவில் காலை எட்டு மணிக்கு முன் எப்போதும் அதே மூன்று பாட்டுகள்: டோபி லெஜெண்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', ஜிம்மி ராட்கிளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டீன் பாரிஷின் 'ஐம் ஆன் மை வே'. நடு இரவில் இவற்றைப் போட்டால் பழைய ஆட்கள் முறைப்பார்கள்.

பிற்சேர்க்கை 1: அமெரிக்கத் தட்டின் பெரிய ஓட்டைக்குள் பிளாஸ்டிக் வளையத்தை அழுத்தியபோது தட்டே விரிசல் விட்டுவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது ஸ்டைரீனாக இருந்திருக்கும். உள்ளே திணிக்கும் வளையத்தை விட்டுவிட்டு, டர்ன்டேபிளின் நடுக்கம்பி மேல் வைக்கும் உலோகக் குமிழை வாங்குங்கள். தட்டு அதன் மேல் சும்மா உட்காரும்.

பிற்சேர்க்கை 2: மறு அச்சு போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அசல் மட்டும்தான் என்று கறாராக இருக்கும் இடங்கள் உண்டு, அழைப்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மற்ற இடங்களில் கென்ட் போன்ற லேபிள்கள் முறையாக உரிமம் வாங்கி வெளியிடும் 45களை நான் தயங்காமல் போடுகிறேன். கள்ள அச்சு மட்டும் வேண்டாம். சத்தமும் மோசம், பாடியவருக்கும் ஒரு பைசா போகாது.