பத்திரிகை ப்ரூஃபும் கூகுள் டிரைவும்

சாத்தூரில் டிடிபி கடை (கம்ப்யூட்டரில் அச்சு வேலைக்கு டிசைன் செய்யும் கடை) வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், பில் புக், கோயில் பொங்கல் நோட்டீஸ் எல்லாம் இங்கே டிசைன் ஆகி, அச்சுக்குச் சிவகாசி போகும். ஃபைலை அனுப்புவதும் பத்திரப்படுத்துவதும்தான் பிழைப்பு. இரண்டுக்கும் இணையத்தில் ஃபைல் வைக்கும் கூகுள் டிரைவ் உதவும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் ‘அனுப்ப’, ‘வைக்க’ என்று முதலிலேயே இரண்டு ஃபோல்டர் போட்டுவிடுங்கள். யாருக்கு லிங்க் கொடுத்தாலும் முதல் ஃபோல்டரிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

பேனருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் போட்டோ சுருங்கித்தான் வரும். பத்தடி பேனரில் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிரைவில் ஏற்றி லிங்க் கேளுங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பதால் பெரிய பிஎஸ்டி (போட்டோஷாப்) ஃபைலுக்கும் லிங்க்தான் வழி.

லிங்க் கொடுக்கும்போது ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். ‘ஷேர்’ போனால் ‘ஜெனரல் ஆக்ஸஸ்’ என்று இருக்கும். முதலில் அது ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலையில்தான் கிடக்கும். அப்படியே அனுப்பினால் ஐந்தாவது நிமிஷம் போன் வரும்: “அண்ணே, ஏதோ பர்மிஷன் கேக்குது!” ‘எனிஒன் வித் த லிங்க்’ என்று மாற்றி, பக்கத்தில் ‘வியூவர்’ வையுங்கள். ‘எடிட்டர்’ கொடுக்காதீர்கள். ஃபோல்டருக்கு எடிட்டர் கொடுத்தால் உள்ளே இருப்பதை அவர்கள் மாற்றலாம், எடுத்துவிடலாம், வேறு ஆளுக்கும் திறந்துவிடலாம்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத வசதி. பத்திரிகை ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) ஒரே தடவையில் ஓகே ஆனதாகச் சரித்திரம் இல்லை. தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கும், பெரியப்பா பெயருக்கு இனிஷியல் தப்பாக இருக்கும், முகூர்த்த நேரம் மாறும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது பிடிஎஃப் அனுப்பினால், அந்தக் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் நாலு ப்ரூஃப் சுற்றும். ஒருத்தர் பழையதைப் பார்த்துவிட்டு ஓகே சொல்வார். இதற்கு, கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து, அந்த பிடிஎஃப் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஃபைல் இன்ஃபர்மேஷன்’, அதற்குள் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போய்ப் புதியதை ஏற்றுங்கள். லிங்க் மாறாது. முதல் நாள் கொடுத்த அதே லிங்க்கைத் தட்டினால் கடைசித் திருத்தம்தான் திறக்கும். பழைய வெர்ஷன்கள் உள்ளேயே 30 நாள் இருக்கும். ‘முதல்ல போட்ட மாதிரியே இருக்கட்டும்’ என்று பெண் வீட்டார் திரும்பி வந்தாலும் கவலையில்லை.

பிரஸ்ஸுக்குப் போகும் சிடிஆர் (கோரல் டிரா) ஃபைலில் எழுத்துகளைக் கர்வ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். நம் தமிழ் ஃபான்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் முருகன் துணையே கொக்கி கொக்கியாக வரும். கர்வ் ஆக்காத ஒரிஜினலை ‘வைக்க’ ஃபோல்டரில் போடுங்கள், பிறகு திருத்த அதுதான் உதவும்.

வேலை முடிந்து டெலிவரி ஆனதும் லிங்க்கை மறுபடி ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கிவிடுங்கள். ஆதார் நகல், வீட்டுப் பத்திரம் போன்றவற்றைத் திறந்த லிங்க்கில் வைக்கவே கூடாது. வாங்குபவரின் மெயில் ஐடியைப் போட்டு அவருக்கு மட்டும் கொடுங்கள்.

இனி பத்திரப்படுத்துவது. கம்ப்யூட்டரில் கூகுளின் ‘டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்’ சாஃப்ட்வேரைப் போட்டு ‘வைக்க’ ஃபோல்டரைக் காட்டிவிட்டால் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். இதையே பேக்கப் என்று பலர் நம்புகிறார்கள். அரைக் கிணறுதான் அது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போயே போச்சு. வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைலும் ஒழுங்காக மேலே ஏறும். ஆகவே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். சனிக்கிழமை கடை அடைக்கும் முன் சொருகி, காப்பி பண்ணி, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். எப்போதும் சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் விடாது.

இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் போட்டோவெல்லாம் இதில்தான் கழியும். நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் நின்றுவிடும். கடைக்கென்று தனி ஐடி திறப்பது இதற்காகவே. அந்த ஐடியை வேலைக்கு வரும் தம்பியின் நம்பரில் திறக்காதீர்கள். அவன் வேறு வேலைக்குப் போனால் ஓடிபிக்கு அவன் பின்னால் அலைய வேண்டும். இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஃபைல் பெயரில் தேதி முன்னால் வரட்டும்: ‘2025-06-12 கல்யாணம் ராஜபாளையம்’. வரிசை தானாக அமையும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று பெயர் வைப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாதம் ஒரு தடவை, பழைய ஃபைல் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். புது கோரல் டிராவில் சேமித்தது பழைய கோரல் டிராவில் திறக்காது. பிரஸ்ஸில் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று கேட்டு, சேமிக்கும்போதே அந்த வெர்ஷனைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.