மலையக ஈரத்தில் கொலு பொம்மைகளைச் சுற்றி வைப்பது எப்படி?

விஜயதசமி முடிந்து பொம்மைகளை இறக்கும் நேரத்தில்தான் மலையகத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. அந்த மழைக்குள் அவசரமாக மூடிய பெட்டியை அடுத்த புரட்டாசியில் திறந்தால், கை கால் எல்லாம் முழுசாக இருக்கும், முகத்தில் மட்டும் பூஞ்சணம் பூத்திருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பொம்மைகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான்.

அரை அடி உயரமுள்ள 8 மண் பொம்மைகளுக்குத் தேவையானவை: கிளிப் மூடியுள்ள 45 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, வெள்ளை டிஷ்யூ தாள் 30, அரை மீற்றர் அகல பபிள் ராப் 4 மீற்றர், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 450 கிராம் (பெட்டியின் 10 லீற்றருக்கு 100 கிராம் கணக்கு), ஓர் அங்குல மென்மையான தூரிகை. டிஷ்யூ கிடைக்காவிட்டால் கஞ்சி போடாமல் துவைத்த பழைய வெள்ளை வேட்டி போதும். சாயத்துணி வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் பொம்மையில் இறங்கும். பத்திரிகைத் தாளின் மையும் வண்ணத்தில் ஒட்டும். அதைக் கசக்கிப் பெட்டியின் இடைவெளிகளில் வேண்டுமானால் திணிக்கலாம்.

1. துடைத்தல்

பொம்மையைத் தலையையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடியில், மற்றது இடுப்பில். பூ, சந்தனம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, பூஞ்சணம் முதலில் பிடிப்பது அங்கேதான். விபூதி, குங்குமத்தை உலர்ந்த தூரிகையால் முகத்திலிருந்து கீழ்நோக்கித் தட்டிவிடுங்கள். ஈரத்துணி பட்டால் குங்குமம் கரைந்து கன்னமெல்லாம் சிவக்கும், நீர் வண்ணம் பூசிய பொம்மை என்றால் வண்ணமே கையோடு வந்துவிடும்.

2. உலர்த்துதல்

பாதி வேலை இதுதான். மண் பொம்மையின் அடிப்பகுதி பெரும்பாலும் வண்ணம் பூசாமல் இருக்கும். உள்ளே ஏறிய ஈரம் அந்த வழியாகத்தான் வெளியேறும். அதனால் தரையில் நிறுத்தாமல், இரண்டு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு வைத்து அவற்றின் மேல் நிறுத்துங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் விடுங்கள். நேரடி வெயிலில் வைத்தால் வண்ணம் வெளிறும், வெடிக்கும். அடுப்பங்கரையில் புகையும் நீராவியும் படியும்.

காய்ந்ததா என்று பார்க்க, இரவில் ஒளிபுகும் பொலித்தீன் பையால் பொம்மையை மூடி வாயைக் கட்டுங்கள். காலையில் பையின் உட்புறம் மங்கலாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பையை எடுத்துவிட்டு மேலும் இரண்டு நாள் காய விடுங்கள். கைக்குள் கம்பி வைத்த பொம்மைகளுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கம்பி துருப்பிடித்துப் பருத்தால் விரல் உள்ளிருந்தே வெடிக்கும்.

3. சுற்றுதல்

மூடுபனி இறங்குவதற்கு முன், வெயில் உள்ள முற்பகலில் சுற்றுங்கள். சரஸ்வதி பொம்மையை எடுத்துக்கொள்வோம். முதலில் டிஷ்யூவைத் திரி போல முறுக்கி, வீணைக்கும் மார்புக்கும் இடையிலும் கழுத்தைச் சுற்றியும் மெதுவாக நிரப்புங்கள். பள்ளங்கள் நிரம்பினால்தான் மேலே சுற்றும்போது அழுத்தம் விரல் நுனியில் விழாமல் உடம்பில் விழும். அதன் மேல் இரண்டு தாள் தளர்வாக, கடைசியில் பபிள் ராப். அதன் குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கட்டும். குமிழ் வண்ணத்தில் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும், பிறகு போகாது. ரப்பர் பட்டி வேண்டாம், அது உருகி ஒட்டிக்கொள்ளும். டேப்பின் நுனியை மடித்து ஒட்டினால் அடுத்த வருடம் கத்தி தேவைப்படாது.

பிளாஸ்டிக் (பிவிசி) பொம்மைகளுக்கு முறை வேறு. அவற்றிலிருந்து எண்ணெய் போன்ற பொருள் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். டிஷ்யூவில் மட்டும் சுற்றுங்கள், பொலித்தீனில் அடைக்காதீர்கள்.

4. பெட்டியில் அடுக்குதல்

அடியில் 5 சென்ரிமீற்றர் மெத்தை, கனமானவை கீழே, எல்லாமே நின்ற நிலையில். பெட்டியை மெல்ல ஆட்டினால் எதுவும் நகரக் கூடாது. சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள். அதற்குப் பதிலாக அரிசி போட்டால் வண்டுதான் வரும். பூச்சி உருண்டையின் ஆவி வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். எந்தப் பொம்மை எங்கே என்று மூடியில் எழுதுங்கள்.

5. வைக்கும் இடம்

தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரியின் உச்சியில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். மிக மோசமான இடமும் அதுதான். பகலில் கொதிக்கும், இரவில் தகரம் குளிர்ந்து நீர் சொட்டும். உட்சுவர் ஓரமாக, தரையிலிருந்து 6 அங்குலம் உயரத்தில், சுவரைத் தொடாமல் வையுங்கள்.

பெப்ரவரியிலோ மார்ச்சிலோ, மழை குறைந்த ஒரு நாளில் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிறம் காட்டும் சிலிக்கா ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாகியிருந்தால் மாற்றுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பொம்மையை மட்டும் வெளியே எடுத்துச் சென்று, முகக்கவசம் அணிந்து, உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள். அதைச் சுற்றியிருந்த தாளை எறிந்துவிட்டு, இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.